ஸ்கேட்போர்ட் பெல்ட்டுக்கு ஐட்லர் போடலாமா? கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார ஸ்கேட்போர்டை வீட்டில் வைத்துக் கட்டுகிற நாலு பேர் கொழும்பில் சந்தித்தால், பற்றரியைப் பற்றி அரை மணித்தியாலம் கதைப்பார்கள். மிச்ச நேரம் முழுக்க மோட்டாரிலிருந்து சில்லைச் சுழற்றும் பெல்ட்தான். அதிலும் ஐட்லர் புல்லி போடுவதா வேண்டாமா என்ற கேள்வி மாதத்துக்கு இரண்டு தடவையாவது என்னிடம் வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போனதால் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கணக்குகளுக்கெல்லாம் என் போர்டையே எடுத்துக்கொள்கிறேன்: மோட்டாரில் 16 பல் புல்லி, சில்லில் 36 பல் புல்லி, எச்.டி.டி. 5 எம் ரக பெல்ட் (பல்லுக்குப் பல் 5 மி.மீ.), நீளம் 270 மி.மீ., அகலம் 15 மி.மீ., சில்லு 90 மி.மீ., மோட்டார் 190 கே.வி. (கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று). உங்களுடையது வேறென்றால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐட்லர் என்றால் சரியாக என்ன?

சக்தி கொடுக்காத, சக்தி வாங்காத புல்லி. பெல்ட்டின் வழியில் நின்று சும்மா சுழலும், பெல்ட்டை ஒரு பக்கம் தள்ளிப் பிடிக்கும். அவ்வளவுதான். கராஜில் கார் டைமிங் பெல்ட் மாற்றும்போது "டென்ஷனர்" என்று கழற்றி வைப்பார்களே, அதன் தம்பி.

எனக்கு அது தேவையா?

பெரும்பாலும் தேவையில்லை. இப்படிச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஆனால் மோட்டார் மவுண்டில் நீள்துளை இருந்தால் மோட்டாரைப் பின்னுக்கு இழுத்து நாலு போல்ட்டை இறுக்குவதே மிகச் சுத்தமான வழி. பாகம் குறைந்தால் கழன்று விழுவதற்கும் குறைவு.

தேவைப்படுகிற இடம் எது என்பதைக் கணக்கே சொல்லும். பல் பெல்ட் முழுப் பலத்தோடு இழுக்க, சின்னப் புல்லியில் குறைந்தது 6 பல் கடித்திருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒவ்வொரு பல்லுக்கும் பெல்ட்டின் தாங்குதிறனில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கச் சொல்கிறது பெல்ட் வடிவமைப்பு விதி: 5 பல் என்றால் 80 வீதம், 4 பல் என்றால் 60 வீதம்.

என் 16-க்கு 36 அமைப்பில் இரண்டு அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய 68 மி.மீ. சின்னப் புல்லியைப் பெல்ட் 153 பாகை தழுவுகிறது. 16 பல்லில் அது 6.8 பல். போதும். ஒருவர் மேட்டில் ஏற இழுவை வேண்டுமென்று 14-க்கு 40 போட்டார், அதே 270 பெல்ட்டோடு. அச்சு இடைவெளி 64 மி.மீ. ஆகிவிட்டது, தழுவல் 142 பாகைக்கு இறங்கிவிட்டது. கடிப்பது 5.5 பல். அவருக்கு ஐட்லர் வேண்டும். இல்லாவிட்டால் நீளமான பெல்ட் போட்டு மோட்டாரைத் தள்ளி வைக்க வேண்டும், ஆனால் அவருடைய மவுண்டில் அதற்கு இடமில்லை.

மவுண்டில் நீள்துளையே இல்லாமல், ஓட்டைகள் ஒரே இடத்தில் நிற்கிறவர்களுக்கும் ஐட்லர் தேவைப்படும்.

பெல்ட்டில் அப்படி எவ்வளவு இழுவை வருகிறது?

190 கே.வி. மோட்டாருக்கு 60 அம்பியர் கொடுத்தால் ஏறக்குறைய 3 நியூட்டன் மீற்றர் முறுக்கு. 16 பல் புல்லியின் ஆரம் 12.7 மி.மீ.தான். வகுத்துப் பாருங்கள்: 236 நியூட்டன், அதாவது 24 கிலோ. ஒரு கோணியில் அரிசியைக் கட்டி அந்தச் சின்ன நாடாவில் தொங்கவிட்டது போல. இந்த 24 கிலோவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே திரும்ப வரும்.

பெல்ட்டுக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா?

வெளியே. முதுகுப் பக்கத்தில் நின்று உள்நோக்கி அழுத்த வேண்டும். அப்போதுதான் பெல்ட் மோட்டார் புல்லியை இன்னும் கொஞ்சம் சுற்றிப் பிடிக்கும். உள்ளே வைத்து வெளியே தள்ளினால் பெல்ட் இறுகும், ஆனால் தழுவல் குறையும். இறுக்கியும் பல் தாவுகிறதே (பெல்ட்டின் பல் புல்லியின் பல்லை விட்டு ஏறி அடுத்ததில் விழுகிறதே) என்று தலையைச் சொறிகிறவர்களில் சிலர் இதைத்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே வைக்கும் சின்ன ஐட்லருக்குப் பல்லும் வெட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட்டின் பல் நுனிகள் மொட்டைப் பரப்பில் தட்டித் தட்டித் தேயும்.

முதுகுப் பக்க ஐட்லர் மொட்டையாக, சமதளமாக இருக்கலாம். நடுவில் மேடு வைத்தது வேண்டாம், அது தட்டைப் பெல்ட்டுக்கு உரியது.

மேலேயா கீழேயா?

தளர்ந்த பக்கத்தில். எது தளர்ந்த பக்கம் என்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள்.

போர்டு முன்னே போகும்போது சில்லின் மேல் விளிம்பு முன்னோக்கிச் சுழல்கிறது. மோட்டார் சில்லு அச்சுக்குப் பின்னால் இருந்தால், மேலே ஓடும் பெல்ட் மோட்டாரிலிருந்து சில்லுக்குப் போகிறது, கீழே ஓடுவது சில்லிலிருந்து மோட்டாருக்கு வருகிறது. மோட்டார் இழுப்பது தன்னிடம் வரும் பக்கத்தை. ஆகவே கீழ்ப்பக்கம் இறுகும், மேல்பக்கம் தளரும், ஐட்லர் மேலே. மோட்டார் அச்சுக்கு முன்னால், பலகைக்கு அடியில் இருந்தால் அப்படியே தலைகீழ்: ஐட்லர் கீழே வரும். கீழே வந்தால் வேகத்தடைகளில் முதலில் அடிபடுவதும் அதுவே என்பதால், அப்படிக் கட்டியவர்களுக்கு நான் ஐட்லரைச் சிபாரிசு செய்வதில்லை.

ஸ்பிரிங் வைத்தால் தானாகவே இறுக்கிக்கொள்ளாதா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். மூன்று வாரம் அருமையாக ஓடியது. ஒரு நாள் காலையில் வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், குறுக்கே ஓட்டோ திரும்பியது. பிரேக்கை இழுத்தேன். "டரரரர்" என்று ஒரு சத்தம், போர்டு நிற்கவில்லை. நான் குதித்தேன், உள்ளங்கைத் தோல் போனது, போர்டு ஒரு மதிலில் முட்டி நின்றது. ஓட்டோக்காரர் இறங்கி வந்து முதலில் போர்டைத்தான் தூக்கிப் பார்த்தார்.

நடந்தது இது. பிரேக் போடும்போது மோட்டார் ஜெனரேட்டராகிறது. இப்போது இழுப்பது சில்லு, தடுப்பது மோட்டார். இறுகிய பக்கமும் தளர்ந்த பக்கமும் இடம் மாறிவிடும். நீங்கள் தளர்ந்த பக்கம் என்று ஆசையாய் ஐட்லர் வைத்த பக்கத்தில் முழு இழுவையும் வந்து விழும். பிரேக்குக்கும் 60 அம்பியர் விட்டிருந்தால் அதே 24 கிலோ. ஐட்லர் பெல்ட்டை நடுவில் 13 மி.மீ. அழுத்தி வளைத்திருந்தால், அந்த 24 கிலோ நேராக நிமிரப் பார்த்து ஐட்லரை ஏறக்குறைய 17 கிலோவோடு வெளியே தள்ளும். ஸ்பிரிங் பின்வாங்கும், அந்தப் பக்கம் நிமிரும், மிஞ்சிய நீளம் முழுக்க மறுபக்கத்தில் தொங்கும், பெல்ட் மோட்டார் புல்லியை விட்டு எழும்பும், பல் தாவும். நிற்க வேண்டிய நேரம் பார்த்து நிற்காது.

17 கிலோவையும் தாங்குகிற பலமான ஸ்பிரிங் போட்டால் என்ன? போடலாம். ஆனால் அது பிரேக் போடாத நேரத்திலும் பெல்ட்டை அதே பலத்தோடு நெருக்கிக்கொண்டே இருக்கும். மோட்டார் பியரிங் சூடாகும், கையால் சில்லைச் சுற்றினாலே கனக்கும்.

ஸ்பிரிங் டென்ஷனர் நன்றாக வேலை செய்வது எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும் இயந்திரங்களில். ஸ்கேட்போர்ட் அப்படியல்ல, ஒவ்வொரு சந்தியிலும் இழுவை திசை மாறும். ஆகவே ஐட்லரை ஒரு நீள்துளையில் வைத்து, இடத்தைச் சரிபார்த்து, போல்ட்டால் அசையாமல் பூட்டுங்கள். ஸ்பிரிங்மேல் பாசம் போகவில்லையென்றால், பல பழைய கார் எஞ்சின்களில் செய்வது போலச் செய்யலாம்: ஸ்பிரிங் இறுக்கத்தை அமைத்துக் கொடுக்கும், அதன் பிறகு போல்ட்டை இறுக்கிவிடுவார்கள், ஸ்பிரிங்குக்கு வேலை முடிந்தது.

எந்த பியரிங் வாங்குவது? எங்கே?

பஞ்சிகாவத்தையில் பியரிங் கடைகளில் எண்ணைச் சொன்னால் காணும். விளக்கம் சொல்லத் தொடங்கினால் எந்த வாகனம், எந்த வருடம் என்று கேட்பார்கள், பிறகு நீங்கள் ஸ்கேட்போர்டை விளங்கப்படுத்திக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

முதலில் எல்லோருக்கும் தோன்றுவது 608. சில்லுக்குள் இருப்பதும் அதுவே, வீட்டில் பழையது கிடக்கும். துளை 8, வெளி விட்டம் 22, அகலம் 7 மி.மீ. இரண்டைச் சேர்த்தால் 14 மி.மீ. 12 மி.மீ. பெல்ட்டுக்கு அகலம் போதும், 15-க்குப் போதாது. விட்டமும் எனக்குச் சின்னதாகத்தான் படுகிறது. பெல்ட்டை அது வளையத் தயாரான பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைக்கிறோம். அதற்குள் கண்ணாடி நார்க் கயிறுகள் ஓடுகின்றன, அவற்றுக்கு முறுக்கி வளைப்பது பிடிக்காது. மோட்டார் புல்லி 14 பல் என்றால் அதன் விட்டம் 22 மி.மீ. முதுகுப் பக்க ஐட்லர் அந்த ரகத்தின் மிகச் சின்னப் புல்லியை விடக் கால் பங்காவது பெரிதாக இருப்பது நல்லது, அப்படியானால் 28 மி.மீ.

6001 சரியாக 28: துளை 12, அகலம் 8. இரண்டு சேர்ந்து 16 மி.மீ. நான் போட்டிருப்பது 6200: துளை 10, விட்டம் 30, அகலம் 9. இரண்டு சேர்த்து 18 மி.மீ., 15 மி.மீ. பெல்ட் வசதியாக உட்காரும். பியரிங்கின் வெளி வளையமே ஐட்லராகிவிடுகிறது, தனியாகப் புல்லி கடையத் தேவையில்லை. இரு பக்கமும் பெரிய வாஷர் ஒவ்வொன்று வைத்தால் பெல்ட் விலகாது. அந்த வாஷருக்கும் பியரிங்குக்கும் இடையில், உள் வளையத்தை மட்டும் தொடும் சின்ன வாஷர் ஒன்றை வையுங்கள். இல்லையென்றால் பெரிய வாஷர் வெளி வளையத்தில் உரசி, இரண்டு நாளில் கடல் அலை போல ஒரு இரைச்சல் தரும்.

வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். மணிக்கு 30 கி.மீ. ஓடும்போது 30 மி.மீ. ஐட்லர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3400 சுற்று. இந்த பியரிங்குகளுக்கு அது காலை நடை.

கார் டென்ஷனரையே போட முடியாதா?

ஏலாது. பெரும்பாலானவை ஐம்பது, அறுபது மி.மீ. விட்டம். உங்கள் இரண்டு அச்சுகளுக்கும் இடையிலேயே 68 மி.மீ.தான் இருக்கிறது.

முப்பரிமாண அச்சில் அடித்த ஐட்லர்?

பியரிங்கைச் சுற்றி அடித்த உறை என்றால் சரி. ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் வேண்டாம். 60 பாகை செல்சியஸ் அளவில் அது இளகத் தொடங்கிவிடும், கொழும்பு வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் போர்டை விட்டுப்போனாலே கோணலாம். பெட்ஜி (PETG) அல்லது நைலோன் பாருங்கள். ஐட்லரைத் தாங்கும் கைத் தகட்டை மட்டும் தயவுசெய்து அச்சில் அடிக்க வேண்டாம். அந்த 17 கிலோ அங்கேதான் போகிறது. 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் லேத் பாஸ் ஒருவரிடம் கொடுத்து வெட்டி எடுங்கள்.

அதே பெல்ட் போதுமா, நீளமானது வேண்டுமா?

பெல்ட்டை நேர்வழியிலிருந்து வளைத்தால் பாதை நீளும், ஆகவே மோட்டாரைக் கிட்டக் கொண்டுவர வேண்டும் அல்லது பெல்ட் நீள வேண்டும். என் போர்டில் இரண்டு புல்லிகளுக்கும் இடையே பெல்ட் நேராக ஓடும் நீளம் 66 மி.மீ. அதன் நடுவில் 13 மி.மீ. அழுத்தினால் ஏறக்குறைய 5 மி.மீ. விழுங்கும். அது சரியாக ஒரு பல். ஆகவே 270-க்குப் பதில் 275. தழுவலும் 21 பாகை கூடுகிறது, 6.8 பல் 7.7 ஆகிறது. மேலே சொன்ன 14-க்கு 40 நண்பருக்கு 5.5 என்றிருந்தது 6-ஐத் தாண்டியது. அவருடைய பிரச்சினை அதோடு தீர்ந்தது.

280, 285 என்று எடுத்து, மிச்சம் முழுவதையும் ஐட்லரே இழுத்துக்கொள்ளட்டும் என்று விடாதீர்கள். வளைவு கூடக்கூட பெல்ட்டின் ஆயுள் குறையும், போல்ட்டில் சுமை கூடும்.

மோட்டார் புல்லிக்குக் கிட்ட வைத்தால் தழுவல் இன்னும் கூடும். ஆனால் புல்லியின் ஓரமும் ஐட்லரும் முட்டாமல் பெல்ட்டின் கனத்தோடு இடைவெளி இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள்.

எவ்வளவு இறுக்குவது?

பொதுவான பெல்ட் விதி, நேராக ஓடும் நீளத்தில் 64-இல் ஒரு பங்கு அமுங்க வேண்டும் என்பது. எங்களுக்கு அது 1 மி.மீ. ஆகவே ஐட்லர் இல்லாத பக்கத்தை விரலால் அழுத்திப் பாருங்கள்: லேசாக அமுங்க வேண்டும், தொங்கக்கூடாது. வீணைத் தந்தி போல் "டிங்" என்றால் கூடிப்போய்விட்டது. சிலர் பல் தாவுகிறது என்றதும் இறுக்கிக்கொண்டே போவார்கள். தழுவல் குறைந்ததால் வந்த வருத்தத்துக்கு இறுக்கம் மருந்தல்ல. மோட்டார் பியரிங்தான் அதற்கு விலை கொடுக்கும்.

ஐட்லர் போட்ட பிறகு பெல்ட் ஓரம் நார் நாராகப் பிரிகிறது.

ஐட்லர் சாய்ந்திருக்கிறது. ஒற்றை போல்ட்டில் ஒரு பக்கம் மட்டும் பிடித்த ஐட்லர் சுமை வந்ததும் வளையும், பெல்ட் ஒரு பக்கம் நடந்துபோய் வாஷரில் தேயும். தடித்த போல்ட், குட்டையான நீட்டம், மவுண்ட் தகட்டோடு ஒட்டிய இருப்பு, இவை மூன்றும் வேண்டும். பூட்டும் நட்டுக்கு நைலோன் வளையம் வைத்தது எடுங்கள். அலுமினியத்துக்குள் போகும் போல்ட் என்றால் திருகு கழலாமல் பிடிக்கும் நீல லொக்டைட் பசை ஒரு துளி. போர்டு முழுக்க அதிர்வு, எங்கள் நடைபாதைக் கற்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் பல் தாவுகிறது. என்ன செய்ய?

முதலில், தாவுவது பெல்ட்தானா என்று பாருங்கள். மோட்டார் தண்டில் புல்லியைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணி தளர்ந்தால் தண்டு மட்டும் சுழலும், புல்லி நிற்கும். சத்தமும் உணர்வும் ஏறக்குறைய ஒன்றுதான். எழுத்தை அழிக்கும் வெள்ளை மையால் தண்டிலிருந்து புல்லி வரை ஒரு கோடு போடுங்கள். ஒரு ஓட்டம் ஓடி வந்து பார்த்தால் கோடு உடைந்திருக்கும், அல்லது உடைந்திருக்காது. இந்த ஒரு கோடு என் நண்பர்கள் மூன்று பேருக்கு ஐட்லர் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

அடுத்து, மவுண்ட். சில்லு அச்சைக் கவ்வியிருக்கும் பிடி தளர்ந்து, மோட்டாரோடு முழுதாகத் திரும்பியிருக்கலாம். அங்கேயும் ஒரு கோடு.

மூன்றாவது, பெல்ட் ரகம். டி5 என்ற பெல்ட்டுக்கும் எச்.டி.டி. 5 எம்முக்கும் பல் இடைவெளி ஒன்றே, 5 மி.மீ. ஆனால் டி5-இன் பல் சரிவகம், எச்.டி.டி.யின் பல் வளைந்தது. கையில் பிடித்தால் பொருந்தியது போல இருக்கும், சுமை வந்தால் ஏறிவிடும். கடையில் "5 மி.மீ. பெல்ட்" என்று மட்டும் கேட்டு வாங்கியவர்கள் முதுகில் அச்சிட்டிருப்பதை வாசித்துப் பாருங்கள். பல்லே வேரோடு கழன்றிருந்தால் அது தாவவில்லை, அறுந்திருக்கிறது. பிரேக் அம்பியரைக் குறையுங்கள் அல்லது அகலமான பெல்ட் போடுங்கள்.

தூரம் குறையுமா?

அளவான இறுக்கத்தில் உணரும் அளவுக்கு இல்லை. குறைந்தால் பெல்ட் கூட இறுகியிருக்கிறது.

மழையும் கடல் காற்றும்?

பெல்ட்டுக்கு மழை பெரிய விடயமில்லை, ஐட்லர் பியரிங்குக்குத்தான். சில்லு பியரிங் சில்லுக்குள் ஒளிந்திருக்கிறது, ஐட்லர் வெளியே நின்று சில்லு எறிகிற தண்ணீரையெல்லாம் குடிக்கிறது. எண்ணுக்குப் பின்னால் இரட்டை ரப்பர் மூடியைக் குறிக்கும் 2ஆர்.எஸ். இருக்கிறதா பாருங்கள். வெறும் தகர மூடி போட்டது காலி முகத்திடல் பக்கம் ஒரு மாதம் ஓடினால் துருப்பிடித்துக் கிறீச்சிடும். மே மாதம் பருவமழை தொடங்குவதற்கு முன் ஒன்று, ஒக்டோபர், நவம்பர் மழை முடிந்ததும் ஒன்று என்று மாற்றிவிடுகிறேன். சில்லு பியரிங்கை விடக் கவனிப்பு கேட்கும், மாற்றுவதற்கு ஒரு போல்ட்தான்.

பெல்ட்மேல் எண்ணெய், கிரீஸ், கிறீச்சிடும் சத்தத்துக்கு அடிக்கும் ஸ்பிரே எதுவும் படக்கூடாது. மண் ஒட்டினால் உலர்ந்த பல் துலக்கும் பிரஷ் போதும்.

இரண்டு மோட்டார் போர்டு. ஒரு பக்கம்தான் தாவுகிறது. அந்தப் பக்கம் மட்டும் ஐட்லர் போடவா?

போட வேண்டாம். முதலில் இரண்டு பக்கமும் ஒரே பெல்ட் நீளமா, ஒரே பல் எண்ணிக்கையா என்று பாருங்கள். ஒன்றை அவசரத்துக்கு மாற்றியிருப்பீர்கள், நினைவிருக்காது. உண்மையிலேயே தேவையென்றால் இரண்டுக்கும் போடுங்கள். பிரேக்கில் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் தாவினால் போர்டு பிடித்த பக்கமாக இழுக்கும், நீங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்து நிற்பீர்கள். பழைய 608 நாலு கையில் இருக்கிறது, 12 மி.மீ. பெல்ட்தான் என்றால் இந்தச் சனிக்கிழமையே அதை வைத்துப் பரீட்சித்துப் பார்க்கலாம். பூட்டும் போல்ட்டை மட்டும் எம்8-ஐ (8 மி.மீ.) விடச் சின்னதாக எடுக்காதீர்கள்.